ரசீதுக்குப் பாரம்

பம்பலப்பிட்டிச் சந்தி.
எதிரே ஒரு சிவப்பு விளக்கு,
டாஷ்போட்டில் இன்னொன்று.
முன்னது பச்சையாகிவிட்டது.

முச்சக்கர வண்டிகள் பின்னால் நின்று கத்த
பொனற்றுக்குள்ளிருந்து வந்தது
வெந்த வார்னிஷ் மணம்.
செப்புக் கம்பிக்குக் காய்ச்சல்.

எழுபத்தோராம் ஆண்டு எம்.ஜி.
இரண்டே சீற், மடிக்கும் கூரை,
மடிக்காவிட்டாலும் ஒழுகும்.
துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம்
கொள்கலன்களை எண்ணிக் கிடைத்த
சேமலாப நிதியில் வாங்கியது.
"இந்தக் காசுக்கு ஒரு காணித்துண்டு எடுத்திருக்கலாம்"
என்றாள் தங்கை.
காணித்துண்டு மூன்றாம் கியரில் உறுமாது என்றேன்.
இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் அடித்தளம்.
கடற்காற்று உள்ளே வந்து
உப்பை வைத்துவிட்டுப் போகிற இடம்.
'வாகனம் பழுதுபார்த்தல் தடை' என்ற பலகைக்கு
நேர் கீழே சாக்கை விரித்தேன்.
பெல்ற்றைத் தளர்த்தினேன்.
நட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய்,
கொஞ்சம் தூஷணம்.
புளி கழன்றது, ரசத்துக்கு உதவாத புளி.
அரைநிலாக் கட்டை துள்ளி
வடிகானுக்குள் போய் விழுந்தது.
நூலில் காந்தம் கட்டி
அரைமணி நேரம் மீன் பிடித்தேன்.

புளிக்குப் பின்னால் விசிறி.
உள்ளங்கையளவு தகரம்,
பன்னிரண்டு இதழில் மூன்று இல்லை.
எந்தக் குழியில் எப்போது உதிர்ந்தனவோ!
அன்றிலிருந்து ஒல்டனேற்றர்
தன் வெக்கையைத் தானே விழுங்கியிருக்கிறது.

பஞ்சிகாவத்தை, மிஸ்பாஹ் கடை.
கூரை முட்ட கியர்ப்பெட்டிகள்,
கொக்கியில் தொங்கும் கதவுகள்,
ஆளில்லாமல் ஒரு ஸ்ரியரிங்.
கையை உள்ளே விட்டு
ஒரு விசிறியை உருவித் தந்தார்.
"எல்லாம் ஒண்டுதான் மிஸ், போட்டுப் பாருங்கொ."

போட்டேன். அளவு சரி, துளை சரி.
ஓடவிட்டு, பின்துவாரத்தின் அருகே
ஊதுபத்தியைப் பிடித்தேன்.
மாடிப்படியில் கிருபைராணி நின்றுவிட்டார்.
"எந்தச் சாமிக்குப் பிள்ளை இது?"
"காத்து உள்ள போகுதா எண்டு பாக்கிறன்."
புகை உள்ளே போகவில்லை.
வாசலில் நின்று
செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கிற விருந்தாளி போல
தயங்கியது.
நிறுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
வலஞ்சுழி எஞ்சினுக்கு
இடஞ்சுழி விசிறி.
சரியாகப் பொருந்துகிற பிழையைக்
கண்டுபிடிக்கத்தான் நேரமெடுக்கிறது.

மறுபடி பஞ்சிகாவத்தை.
"இதுக்கு மேல இலங்கையிலயே இல்ல, மிஸ்."
அவர் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் அடித்தது.
மேசையில் ரசீதுகள் படபடத்தன, பறக்கவில்லை.
அவற்றின் மேல் ஒரு பாரம்:
பன்னிரண்டு இதழும் முழுதாக,
சரியான பக்கம் சாய்ந்து,
நடுவிலே அரைநிலாவுக்கு வெட்டு.
காற்றை இழுக்கப் பிறந்தது
காற்றுக்கெதிராகக் காகிதத்தை அமர்த்திக்கொண்டு
எத்தனை வருஷமோ.

அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.
சிரிப்பை அடக்கி விலை சொன்னார்.
மூவாயிரத்து ஐந்நூறு.
என் பழையதை நீட்டினேன்.
ரசீதுக்கு ஒன்பது இதழ் போதும்.
மூவாயிரத்துக்கு இறங்கினார்.

இரவு மாட்டினேன்.
தளர் வாசர், விசிறி, புளி, நட்டு.
பெல்ற் பெருவிரலுக்கு அரை அங்குலம் அமிழ
மறுபடி ஊதுபத்தி.
இந்த முறை புகை யோசிக்கவில்லை.

விடிய வந்தால்
வைப்பரின் கீழே சங்கத்துக் கடிதம்,
முத்திரையோடு, கடைசி எச்சரிக்கை.
எடுக்காமலே வண்டியை எடுத்தேன்.
கூரையை மடித்து மரைன் டிரைவில்,
பக்கத்தில் ரயில், அதற்குப் பக்கத்தில் கடல்,
டாஷ்போட்டில் இருட்டு.
கண்ணாடிக்கு வெளியே கடிதம்
தலைகீழாகத் துடித்துக்கொண்டிருந்தது.
இரண்டாம் பந்தி வாசிக்கு முன்னம்
காற்று உருவிக்கொண்டு போய்விட்டது.